மூன்றாம் வரிசைக்கு மேலே

சாவி என்னிடம் இருக்கிறது.
ஆகையால் குற்றமும் என்னுடையதுதான்:
கழிவறையில் தண்ணீர் வராத குற்றம்,
மேடையின் நான்காவது பலகை முனகுகிற குற்றம்,
ஆகஸ்டில் ஏசி மூச்சுவிட மறந்த குற்றம்.

மனாமாவில், குதைபியாவில்,
டயர் கடைக்கும் ரொட்டிச் சூளைக்கும் நடுவே
மரச்சாமான் கிடங்காக இருந்த கட்டடம்.
நாற்காலி நூற்றிருபது.
நம்பி உட்காரத் தக்கவை நூற்றிரண்டு.
சுவரில் கை வைத்தால் உள்ளங்கையில் உப்பு ஒட்டும்.
இங்கிருந்து கடல் தெரியாது.
ஆனால் வந்துபோகிறது.

போன ரமலானுக்கு முன்பு
மூன்றாம் வரிசைக்கு மேலே ஒழுகத் தொடங்கியது.
மழை இல்லை. இந்த ஊர் மழை
வருடத்துக்கு நாலு தடவை எட்டிப்பார்த்து
மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய்விடும்.
இது மாடித் தொட்டியின் குழாய்.
டொக்.
எண்ணி நாலு விநாடி.
டொக்.

கட்டடக்காரர் அபு ஜாசிமுக்குப்
பதினோரு முறை போன் செய்தேன்.
பதினோரு முறையும் "இன்ஷா அல்லாஹ், நாளை" என்றார்.
பதினோரு முறையும் அந்தக் குரலில் உண்மை இருந்தது.
ஒரு நாற்காலியில் வாளியை உட்கார வைத்தோம்.
கணக்கில் எழுதினேன்: வாளி, எழுநூறு ஃபில்ஸ்.

வெள்ளிக்கிழமைதோறும் ஒத்திகை.
சிமென்ட் ஆலையிலிருந்து இன்பசேகரன்
புருவத்தில் வெள்ளையோடு வந்து இயக்குவான்.
ஆஸ்பத்திரியிலிருந்து ஜெசிந்தா,
செருப்பு மாற்றக்கூட நேரமில்லாமல்.
அப்பாவாக நடிக்க இருந்தவருக்கு விசா முடிந்தது.
அவர் வேட்டியை ஒளிமுத்து கட்டிக்கொண்டான், வயது இருபத்தாறு.
நரைக்கு பவுடர் எதற்கு,
சுவரைத் தடவிக்கொண்டால் போதும் என்றான்.

கடைசிக் காட்சியில் அப்பா கேட்பார்:
"கையெழுத்துப் போடப் போறியா?"
மகள் உடனே பேசக் கூடாது.
எவ்வளவு நேரம் என்பதில் மூன்று வாரச் சண்டை.
காத்திரு, காத்திரு என்று இன்பசேகரன் கத்த
அவள் பாதியிலேயே பேசிவிடுவாள்.
ஒரு வெள்ளி அவனே கூரையைப் பார்த்துச் சொன்னான்:
மூன்று சொட்டு. மூன்றாவது விழுந்ததும் பேசு.

டொக்.
டொக்.
டொக்.
"மாட்டேன்."

என் முழங்கை மயிர் எழுந்து நின்றது.

நாடகத்துக்கு முந்தின நாள்
அபு ஜாசிமின் நாளை வந்தது.
ஃபஸ்லுல் ஏணியோடு மேலே போனான்,
அரை மணியில் இறங்கினான்.
டீ வாங்கிக் கொடுத்தேன். சமோசாவும்.
வாளியைக் கழிவறையில் கவிழ்த்து வைத்தேன்.
யாருக்கும் சொல்லவில்லை,
எல்லோருக்கும் ஆச்சரியமாக இருக்கட்டுமென்று.

இருந்தது.

"கையெழுத்துப் போடப் போறியா?"

ஜெசிந்தா காத்திருந்தாள்.
நூற்றிரண்டு நாற்காலியும் காத்திருந்தன,
சுவரோரம் நின்று முதுகெல்லாம் உப்பானவர்களும்.
ஏசியின் உறுமல். ஒரு குழந்தையின் தும்மல்.
அவள் கண் மெல்ல மேலே போனது.
கூரையில் காய்ந்த கறை.
ஒளிமுத்துவின் உதடு அடுத்த வரியை
மென்று மென்று விழுங்கிக்கொண்டிருந்தது.
இதுதான் நடிப்பு என்று நம்பி
முன்வரிசையில் ஒருவர் அழவே தொடங்கிவிட்டார்.

பின்னால், கதவோரம், நான்.
கையில் சாவி.
பக்கத்தில் நாற்காலியின் இரும்புக் கால்.

டொக்.

என் வாழ்நாளில் மேடை ஏறியதில்லை.

டொக்.

நாலு விநாடி இவ்வளவு நீளமா?

டொக்.

"மாட்டேன்."

பிறகு பிரியாணிப் பொட்டலம் பிரிக்கும்போது
எல்லோரும் அந்த மௌனத்தைப் பற்றியே பேசினார்கள்.
இன்பசேகரன் தன் மௌனம் என்றான்.
ஒளிமுத்து தன்னுடையது என்றான்.
ஜெசிந்தா எலும்பை ஓரம் வைத்துவிட்டு
என் பக்கம் மட்டும் திரும்பிச் சொன்னாள்:
"மூணாவது கொஞ்சம் லேட்."

சனிக்கிழமை வாடகைச் சீட்டு.
குழாய் வேலை பதினைந்து தினார், எங்கள் தலையில்.
எழுதிக்கொண்டே நிமிர்ந்தேன்.
ஆறாம் வரிசைக்கு மேலே புதிதாய் ஓர் ஈரம்,
தோசை அளவு.

இன்னும் யாருக்கும் போன் செய்யவில்லை.